கருப்பை இறங்கினால் எடுத்துவிடுவதுதான் வழியா?

பேரணாம்பட்டை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை 3.7 கிலோ. வலி கண்டு பதினாறு மணி நேரமாகியும் குழந்தை வெளியே வராததால், ஒருவர் வயிற்றை மேலிருந்து அமுக்க, மருத்துவர் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்திருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அறுபத்தைந்தாம் நாளே தொழிற்சாலைக்குத் திரும்பி, பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பிரிவில் நாள் முழுவதும் நின்றிருக்கிறார். வீட்டிலோ தெருக்குழாயிலிருந்து தினமும் எட்டுக் குடம் தண்ணீர். ஐந்தாம் மாதம் ஒருநாள் குளிக்கும்போது, பிறப்புறுப்பின் வாயிலில் சிறு கோழிமுட்டை போல மெத்தென்று ஏதோ கையில் தட்டுப்பட்டது. காலையில் எழும்போது அது இருப்பதில்லை, மாலையில் வேலை முடிந்து பேருந்தில் ஏறும்போது கனத்து இறங்குகிறது. இருமினால் சில சொட்டுச் சிறுநீர் கசிகிறது.

பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, சென்ற மாதம் தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டியிருக்கிறார். கருப்பை இறங்கியிருக்கிறது, யோனியின் முன்சுவரும் தளர்ந்திருக்கிறது, இரண்டாம் நிலை என்று சீட்டில் எழுதி, காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவில்லாமல் கருப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி, வரும் 18ஆம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு பிள்ளை இருக்கிறதே, எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார் மாமியார். கணவரோ இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறார், எழுதியவருக்கும் அந்த ஆசை இருக்கிறது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியது போல இரண்டு செய்திகள் உள்ளன. அவருடைய அம்மாவுக்கும் 34 வயதில் இதே காரணத்துக்காகக் கருப்பையை எடுத்தார்கள், இப்போது 51 வயதில் அவருக்கு மறுபடியும் ஏதோ இறங்குகிறது. திருமணமாகாத 21 வயதுத் தங்கையும் அடிவயிறு கனக்கிறது என்கிறாள். "நாங்கள் மூன்று பேருமே கட்டைவிரலை வளைத்து மணிக்கட்டைத் தொட்டுவிடுவோம், உடம்பே தளர்ந்த உடம்புதானோ என்னவோ" என்று அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை நான் வேடிக்கையாகப் படிக்கவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

தேதி நெருங்குவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 18ஆம் தேதி போய்ச் சேர வேண்டாம். உங்களைப் பரிசோதிக்காமல் நான் மருந்து எழுத முடியாது. ஆனால் இன்னும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிற, இன்னொரு குழந்தையை விரும்புகிற 26 வயதுப் பெண்ணுக்கு, இரண்டாம் நிலை இறக்கத்துக்காகக் கருப்பையை அவசரமாக எடுக்க வேண்டிய தேவை இல்லை என்பதைச் சொல்லப் பரிசோதனை தேவையில்லை. இது உயிருக்கு ஆபத்தான நோயன்று, நாளைக்கே முற்றிவிடுவதுமன்று. சில மாதங்கள் வேறு வழிகளை முயன்று பார்ப்பதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை, எடுத்த கருப்பையையோ திரும்ப வைக்க முடியாது. காப்பீட்டு அட்டை என்பது தேவையான அறுவைக்குப் பணம் கட்டும் வசதி மட்டுமே, அறுவை தேவை என்பதற்கு அது சான்றாகாது. தேவையில்லாமல் கருப்பை அகற்றப்படுவதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, இப்படி இளம் பெண்களுக்குச் செய்யப்பட்ட அறுவைகளைப் பற்றிய வழக்கில்தான். இரண்டாவது கருத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

எது இறங்குகிறது, ஏன் இறங்குகிறது

உங்கள் வீட்டு உத்தரத்தில் தூளி கட்டியிருப்பீர்கள். குழந்தையின் பாரத்தைக் கயிறு மேலிருந்து தாங்குகிறது, விரிந்த புடவை கீழிருந்து ஏந்துகிறது. இடுப்புக் குழியில் சிறுநீர்ப்பையும் கருப்பையும் மலக்குடலும் இருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். கருப்பையை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நார்கள் கயிறு. முன்னே அடிவயிற்றின் கீழ் எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள் புடவை. புடவை கிழிந்தால் பாரம் முழுவதும் கயிற்றின் மேல் விழும், நாளாக நாளாகக் கயிறும் நெகிழும். அப்போது உறுப்புகள் ஒன்றோ பலவோ யோனியின் சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே வருகின்றன. முன்சுவர் வழியாக வருவது சிறுநீர்ப்பை, பின்சுவர் வழியாக வருவது மலக்குடல், நடுவே வருவது கருப்பை. உங்கள் கைக்குத் தட்டுப்பட்ட அந்த முட்டை, சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் சிறுநீர்ப்பையைச் சுமந்த முன்சுவர்தான். நம் பக்கத்தில் இதைச் சிலர் குடல் இறக்கம் என்றும் சொல்கிறார்கள். அது வேறு நோய், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தளத்தைக் கிழித்தது எது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முதல் பிரசவம், பெரிய குழந்தை, நெடுநேரம் நீண்ட முக்கல், கடைசியில் ஆயுதம். குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசை தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு விரிய வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடும். ஆயுதங்களில், உறிஞ்சி எடுக்கும் கருவியைவிட இடுக்கியில் இந்தக் காயம் அதிகம். வயிற்றை மேலிருந்து அமுக்குவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. அந்த நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு எப்படியிருந்தது என்பது எனக்குத் தெரியாது, சில வேளைகளில் ஆயுதம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. உங்கள் மேல் நீங்களே போட்டுக்கொண்டிருக்கும் பழியை இறக்கிவைக்கவே சொல்கிறேன்.

ஆனால் இதே போன்ற பிரசவம் ஆன எல்லாருக்கும் இறங்குவதில்லை. இங்கேதான் உங்கள் கட்டைவிரல் வருகிறது. நார்களுக்கு வலுவைத் தருவது கொலாஜன் என்ற புரதம். அது பிறவியிலேயே நெகிழ்வாக அமைந்த குடும்பங்கள் உண்டு. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது அதன் வெளி அடையாளங்களில் ஒன்று. தாய்க்கு இறக்கம் இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். பிரசவமே ஆகாத சில இளம் பெண்களுக்கு இறக்கம் வருவதற்கும் இந்த நெகிழ்வு ஒரு காரணம். அந்த அடித்தளத்தின் மேல்தான் பிரசவக் காயமும், அதன்பின் பெட்டி, குடம், மலச்சிக்கல் என்று அன்றாடம் வயிற்றுக்குள் ஏறிய அழுத்தமும் சேர்ந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருப்பதால் யோனியின் சுவர் மெலிந்து, உலர்ந்து, தளர்ச்சி கூடுதலாகத் தெரியும். பால் நிறுத்தியபின் பலருக்குத் தொந்தரவு தானாகவே ஓரளவு குறைகிறது. இதற்காகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். இப்போது காண்பதே இறுதி நிலை என்று முடிவுகட்டி அறுவைக்குப் போவது ஏன் தவறு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நிலை என்ற சொல் உங்களை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது. 1996 முதல் வழக்கில் இருக்கும் அளவுமுறைப்படி, யோனி வாயிலை எல்லையாகக் கொண்டு, முக்கும்போது அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழ் வரையிலான எல்லைக்குள் வந்து நின்றால் அது இரண்டாம் நிலை. மொத்தம் நான்கு நிலைகள். பிரசவித்த பெண்களைப் பரிசோதித்தால், எந்தத் தொந்தரவும் சொல்லாதவர்களிடமும் முதல், இரண்டாம் நிலைகளைச் சாதாரணமாகக் காண்கிறோம். சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண் அன்று, உங்கள் தொந்தரவு.

உங்கள் பயங்களுக்கு

வெள்ளைப்படுதலால் உடம்பு உருகிக் கருப்பை இறங்குகிறது என்பது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. உடம்பு எதுவும் அதில் உருகி வெளியேறுவதில்லை. நிறமும் நாற்றமும் அரிப்பும் இருந்தால் அது தொற்று, அதற்குத் தனி மருந்து உண்டு. இறக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய கருப்பைவாய்ப் பரிசோதனை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது, அது வேறு விஷயம்.

தாம்பத்தியத்தால் இறக்கம் அதிகமாகாது, எதுவும் கிழியாது. படுத்தவுடன் அது உள்ளே போய்விடுவதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். வலி இருந்தால், அது பெரும்பாலும் தாய்ப்பால் காலத்து உலர்ச்சியால் அல்லது பழைய தையலால் வருவது. மருத்துவரிடம் சொன்னால் வழி உண்டு. கணவர் இதைச் சாக்கு என்று நினைக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மனைவி சொன்னால் நம்பாத கணவர், மருத்துவர் அந்த உறுப்பின் பொம்மையை மேசையில் வைத்துக் காட்டியதும் வாயடைத்துப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது கொஞ்சம் வருத்தமான விஷயம்தான், ஆனால் பயன்படுகிறது.

நாற்பது நாள் பத்தியத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரம் தூக்காமல் ஓய்வாக இரு என்று பெரியவர்கள் சொன்னது மிகச் சரி. ஆனால் தண்ணீர் குடிக்காதே, கீரையும் காயும் சேர்க்காதே என்று சொன்னது மலத்தை இறுக்கி, புண்ணாறாத அடித்தளத்தின் மேல் தினமும் முக்க வைக்கிறது. வயிற்றில் இறுக்கித் துணி கட்டுவதாலும் கருப்பை மேலே ஏறாது. மிக இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். கடிதத்தின் ஓரத்தில், படிகாரம் கரைத்த நீரில் கழுவினால் இறுகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அது தோலைச் சுருக்கி எரித்துப் புண்ணாக்கும், கிழிந்த தசைக்கு ஒன்றும் செய்யாது.

எடுத்துவிட்டால் என்ன ஆகும்

கயிறு நெகிழ்ந்த தூளியிலிருந்து குழந்தையை எடுத்துவிட்டால் கயிறு சரியாகிவிடுமா? கருப்பை இறங்கியது அதன் குற்றத்தால் அன்று. அது இருந்த இடம் தளர்ந்தது, அது கீழே வந்தது. அதை எடுத்தபின், மேலே உள்ள நார்களை யோனியின் உச்சியோடு சேர்த்து உறுதியாகத் தைக்காவிட்டால், அல்லது தைத்த நாரே நெகிழ்ந்த நாராக இருந்துவிட்டால், கருப்பை இருந்த இடமே குழிந்து யோனியின் உச்சி இறங்கத் தொடங்கும். உங்கள் அம்மாவுக்கு இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதினேழு ஆண்டுகளாகப் பதிலைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

சூலகங்களை, அதாவது கருமுட்டைப் பைகளை, விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் எடுத்தாலும் மாதவிடாய் நிற்றலுக்கான உடல் மாற்றங்கள் சில ஆண்டுகள் முந்திவரலாம். சூலகங்களையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, எலும்பும் இதயமும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் தரும் பாதுகாப்பை இழக்கும். குழந்தைப் பேறு முடிந்து, நாற்பதைக் கடந்து, மூன்றாம் நான்காம் நிலை இறக்கத்தோடு வருபவர்களுக்கு யோனி வழியாகக் கருப்பையை எடுத்துத் தளத்தைச் சீரமைப்பது நல்ல சிகிச்சை. நானே பலருக்குச் செய்திருக்கிறேன். ஆளுக்கும் வயதுக்கும் பொருந்தாமல் செய்வதைத்தான் மறுக்கிறேன்.

முதல் சிகிச்சை: தசைப் பயிற்சி

உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. இதைப் பெயருக்குச் சொல்லி அனுப்புகிற வழக்கம் இருப்பதால் பலர் இதைச் சிகிச்சையாகவே நினைப்பதில்லை. முறையாகக் கற்றுக்கொண்டு செய்தவர்களுக்குக் கனமும் இறங்கும் உணர்வும் சிறுநீர்க் கசிவும் குறைவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இறங்கியது முழுவதும் மேலே போய்விடும் என்று நான் வாக்களிக்கவில்லை. தசை எலும்பிலிருந்து முழுமையாகப் பிய்ந்திருந்தால் பலன் குறையும். ஆனால் மிச்சமிருக்கும் தசை தடித்து, தாங்கும் வலுவைப் பெறும்.

செய்யும் விதம் இது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும், ஒரே நேரத்தில் உள்ளேயும் மேலேயும் இழுத்துப் பிடியுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. முதலில் மூன்று நான்கு நொடிகள் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். வாரங்கள் செல்லச் செல்லப் பத்து நொடிகளுக்குக் கொண்டுபோங்கள். பத்து முறை ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேகமாகப் பத்து முறை சுருக்கி விடுவது. படுத்துச் செய்வது பழகியபின் உட்கார்ந்தும், பிறகு பேருந்துக்கு நிற்கும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. சரியான தசையை அடையாளம் காண ஒரே ஒருமுறை வேண்டுமானால் செய்து பாருங்கள். இருமல், தும்மல், பாரம் தூக்கல் ஆகியவற்றுக்கு ஒரு நொடி முன் இந்தத் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகினால், சொட்டுச் சொட்டாய்க் கசிவதே பெருமளவு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே முக்குபவர்கள் கணிசமானோர். அப்படி மூன்று மாதம் செய்தால் இறக்கம் கூடும். ஆகவே ஒரு பிசியோதெரபிஸ்டோ மகளிர் மருத்துவரோ விரலால் பரிசோதித்துச் சரியாகச் சுருங்குகிறதா என்று ஒருமுறையாவது பார்த்துச் சொல்ல வேண்டும். பலனை எடைபோடக் குறைந்தது மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும்.

மலச்சிக்கலைத் தீர்க்காமல் எந்தப் பயிற்சியும் நிற்காது. கேழ்வரகும் கீரையும் உங்கள் வீட்டில் இல்லாதவை அல்ல. தண்ணீரை நிறையக் குடியுங்கள், தேவைப்பட்டால் இரவில் இசப்கோல் சேர்த்துக்கொள்ளுங்கள். குத்தவைத்து உட்காரும் கழிவறையால் கருப்பை இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி மேலைநாட்டு வகை வாங்க வேண்டியதில்லை. உட்காரும் முறையில் குற்றமில்லை, முக்குவதுதான் குற்றம்.

குடத்தைப் பற்றி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. மணலாய்க் கிடக்கும் பாலாற்றின் பக்கத்தில் வாழ்கிற பெண்ணிடம் தண்ணீர் தூக்காதே என்று சொல்வது எளிது, தண்ணீர் எப்படி வரும் என்று சொல்வது எளிதன்று. பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. பாதிக் குடமாக இரட்டை நடை நடப்பது, பெரிய குடத்தைக் கணவர் கையில் கொடுப்பது, தூக்கும்போது முழங்காலை மடக்கி, தளத்தை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுவது ஆகியவை நடக்கக்கூடியவை. எட்டுக் குடத்தையும் மருமகளே சுமப்பது எந்த மருத்துவ நூலிலும் இல்லை என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வளையம்

நான்கு மாதங்களில் போதிய முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, வேலைநேரத்தில் இப்போதே தாங்க முடியவில்லை என்றாலோ, பெஸரி என்ற சிலிகான் வளையம் இருக்கிறது. மருத்துவர் அளவு பார்த்து யோனிக்குள் பொருத்துவார். சரியான அளவாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. மடக்கி உள்ளே வைக்கவும் எடுக்கவும் நீங்களே கற்றுக்கொள்ளலாம். காலையில் வேலைக்குப் போகும்போது வைத்து, இரவில் கழற்றிச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வளையத்துடனே தாம்பத்தியம் கொள்ளவும் முடியும்.

இது கிழவிகளுக்கு வைப்பது என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் அறிந்தவர். அறுவையைத் தள்ளிப்போட வேண்டிய இளம் பெண்களுக்குத்தான் இது மிகவும் பொருந்துகிறது. ஆனால் வைத்துவிட்டு மறந்துபோவது ஆபத்து. ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்ட வளையம் சுவரில் புதைந்து, சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ துளையிட்டுவிட்ட நிலைகளும் உண்டு. வைத்த சில வாரங்களில் ஒருமுறையும், பிறகு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். நாற்றமோ இரத்தக் கசிவோ இருந்தால் உடனே எடுத்துவிட்டு வர வேண்டும்.

கருப்பையை வைத்துக்கொண்டே அறுவை

இவையெல்லாம் போதாத நிலை வந்தாலும், கருப்பையை எடுக்காமலே மேலே தூக்கி நிறுத்தும் அறுவைகள் இருக்கின்றன. குழந்தை வேண்டிய இளம் பெண்களிடம் இறக்கத்தை நிறையக் கண்ட மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதற்கான முறைகளை உருவாக்கினார்கள். கருப்பைவாயை நாடா போன்ற ஒரு பட்டையால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு அல்லது வயிற்றுச் சுவரோடு பிணைத்துத் தாங்கச் செய்வது இவற்றின் அடிப்படை. இன்று இவற்றை லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை, மூலமும் செய்கிறார்கள்.

மான்செஸ்டர் அறுவை என்ற பழைய முறையில் கருப்பைவாயின் ஒரு பகுதியை வெட்டிவிடுவதால், பிறகு கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் நேரலாம். குழந்தை வேண்டுபவர் இதைத் தவிர்ப்பது நல்லது. யோனி வழியாகச் செயற்கை இழை வலை வைத்துத் தைப்பது பற்றி யாரேனும் பேசினால் நிறுத்திக் கேளுங்கள். வலை அரித்து வெளிவருதல், தீராத வலி ஆகிய புகார்களுக்குப் பிறகு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் அவ்வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்றின் வழியாக வைக்கப்படும் வலை வேறு, அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கும் அபாயங்கள் உண்டு, எனவே எந்தப் பட்டை, எங்கே, எதனால் ஆனது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அறுவையானாலும், இளம் வயதில் செய்தால் மீண்டும் இறங்கும் வாய்ப்பு அதிகம், அடுத்த பிரசவம் தைத்ததைக் குலைத்துவிடவும் கூடும். முடிந்தவரை குழந்தைப் பேறு முடிந்தபின் செய்ய வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

அடுத்த குழந்தை

பெறலாம். இறக்கம் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. கருப்பை வளர்ந்து இடுப்புக் குழியை விட்டு மேலே எழும் நான்காம் ஐந்தாம் மாதத்தில் இறக்கம் தற்காலிகமாகக் குறைவதுகூட உண்டு. முதல் சில மாதங்களில் தொந்தரவு இருந்தால் வளையம் உதவும். அவசரப்படாமல், இந்தக் குழந்தைக்கு இரண்டு வயதாவது ஆகட்டும், தசைக்கும் அந்தக் கால அவகாசம் தேவை.

சிசேரியன் செய்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். முதல் பிரசவத்துக்கு முன் இந்த யோசனைக்கு வேறு எடை இருந்திருக்கும். ஏற்கெனவே கிழிந்ததைச் சிசேரியன் தைத்துத் தராது, அதற்கென்று தனி அபாயங்களும் உண்டு. தூக்கி நிறுத்தும் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பொதுவாகச் சிசேரியனே நல்லது. பயிற்சியோடு மட்டும் இருப்பவர்களுக்கு, குழந்தையின் எடை, தசைக் காயத்தின் அளவு, சிறுநீர்க் கசிவின் தீவிரம் ஆகியவற்றைப் பார்த்து எட்டாம் மாதத்தில் மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

வேலையைப் பற்றியும் ஒன்று. உங்கள் சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேவையான நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. அறுபத்தைந்து நாளில் திரும்பியது உங்கள் தவறன்று, உங்களிடம் யாரும் சொல்லாதது தவறு. இப்போதும் சிகிச்சைக்காக மருத்துவர் விடுப்புச் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். பெட்டி தூக்கும் பிரிவிலிருந்து உட்கார்ந்து தைக்கும் பிரிவுக்கு மாற்றும்படி மருத்துவரின் கடிதத்தோடு கேளுங்கள். மறுப்பார்களோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

எங்கே காட்டுவது

உங்களுக்குப் பக்கத்தில் குடியாத்தம் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே காட்டி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் போகலாம். ஆண் மருத்துவராக இருந்தால் என்ன செய்வது என்று தயங்குகிறீர்கள். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்று பிரசவத்தில் பெண்களைச் சாகவிட்டதைக் கண்டு மனம் மாறித்தான், சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துவந்து 1900இல் வேலூரில் மருந்தகம் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண் மருத்துவர் கிடைக்காத ஊர் அல்ல இது. சீட்டுப் போடும் இடத்திலேயே கேளுங்கள். போகும்போது பிரசவத்தின் டிஸ்சார்ஜ் அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆயுதம் போட்டார்கள், எவ்வளவு கிழிந்தது, எப்படித் தைத்தார்கள் என்பது அதில் இருக்கும்.

இறங்கியது உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டாலும், சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும், வெளிவந்த பகுதி புண்ணாகி இரத்தம் வந்தாலும், காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தாலும் தேதி பார்க்காமல் அன்றே போங்கள்.

தங்கையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அடிவயிற்றுக் கனத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு, அவளுக்கு இறக்கமே இல்லாமல் இருக்கலாம். வயிற்று ஸ்கேனும் வெளிப்புறப் பரிசோதனையும் முதலில் போதும். திருமணமாகாதவள் என்பதால் உள் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் மூட்டுகளின் நெகிழ்வைப் பற்றி மருத்துவரிடம் சொல்லி, அவளும் இந்தப் பயிற்சியை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. அவளுக்குப் பிரசவம் வரும்போது அம்மாவின் கதையையும் உங்கள் கதையையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லட்டும்.

அம்மாவிடம், இது மறுபடியும் வரக்கூடியது, அவர் எதுவும் தவறாகச் செய்ததால் வந்ததன்று, 51 வயதிலும் வளையமும் அறுவையும் பலன் தரும் என்று சொல்லுங்கள். 34 வயதில் நடந்த அறுவையின் பழைய தாள்கள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்.